பத்துப் பேரும் இடது கையும்

மறுவாழ்வு கிளினிக், அறை 214
12 ஜூன் 2025

வைதேகி அக்கா,

உங்கடை நம்பரை நான் புளொக் பண்ணி வைச்சிருக்கிறது உங்களுக்கு இதுக்குள்ளை விளங்கியிருக்கும். அதை எடுத்துவிட எனக்கு இன்னும் மனம் வரேல்லை. ஆனால் ரெண்டு அலுவல் கிடக்கு. அதுதான் கடிதம். டொச்சிலை, ஜேர்மன் மொழியிலை எழுதினால் நீங்கள் அகராதியோடை இருப்பீங்கள். தமிழாலயத்துக்கு அம்மா ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனது இதுக்காவது உதவட்டும்.

முதல் அலுவல். ஞாயிற்றுக்கிழமை அல்பேர்ட் வந்தவர். மல்யுத்தக் கிளப் தலைவர் ஒரு ஆளைப் பாக்க வாறதெண்டால் அது வருத்தம் விசாரிக்க மட்டும் இல்லையெண்டு உங்களுக்குத் தெரியும். ஒக்டோபர் 18 'பிரித்தானிய இரவு' கட்டாயம் நடக்குமாம். அண்டைக்குக் குடுக்கிற கைநூலிலை, அந்தக் காலம் துவங்கி இண்டைவரைக்கும் பிரிட்டிஷ் மல்யுத்த ஆக்களிலை பெரிய பத்துப் பேரைப் பற்றி நாங்கள் ரெண்டு பேரும் எழுதித் தாறமெண்டு மாசியிலை வாக்குக் குடுத்தனாங்களாம். ஆகஸ்ட் முடியிறதுக்குள்ளை கேட்டவர். நீங்கள் எழுதுங்கோ, டொச்சிலை நான் மாத்திறன்.

என்ரை பட்டியலிலை முதலாவது டைனமைட் கிட். அதிலை பேச்சில்லை. பிறகு பில்லி ரொபின்சன், கெண்டோ நாகசாகி, பிரிட்டிஷ் புல்டோக், வில்லியம் றீகல். இந்தக் காலத்து ஆளெண்டால் வில் ஒஸ்ப்ரே. மிச்சம் நீங்கள் போடுங்கோ. பிக் டாடியை மட்டும் கொண்டு வராதேங்கோ.

ரெண்டாவது அலுவல், மே 10 மட்ச். அடிபட்டவர் திரும்பி றிங்குக்குள்ளை போறதெண்டால் டொக்டரின்ரை கடிதமும் றெஃபரியின்ரை அறிக்கையும் வேணும். கிளப் சட்டம். படிவம் இதோடை இருக்கு. அண்டைக்கு றெஃபரி நீங்கள்தானே. எழுத வேண்டியது நாலு வரி: பதினோராவது நிமிசம் மதிசுதன் தூக்கிப் போட்டவன், சேயோன் கழுத்துப்பட விழுந்தவன், றெஃபரி கையைப் பிடிச்சுப் பாத்தவ, அவன் ஒண்டுமில்லை எண்டு இறுக்கினவன். அதாலைதான் கைகளைத் தலைக்கு மேலை குறுக்காப் பிடிச்சு ஆட்டத்தை நிப்பாட்டேல்லை. அவ்வளவுதான்.

ஒக்டோபரிலை இங்கிலாந்து விகனிலை இருந்து வாற ஆளோடை மோத வேண்டியது நான். அவருக்குப் பிடிச்சால் தையிலை இருந்து மூண்டு மாசம் இங்கிலாந்திலை றிங். எட்டு வருசம் இதுக்குத்தான் உருண்டனான். கெதியா அனுப்புங்கோ.

சேயோன்

*

ஆஹென்
20 ஜூன் 2025

டேய் சேயோன்,

ஆளை பிளாக் பண்ணிட்டு லெட்டர் போடற ஒரே ஜீவன் நீதான். போஸ்ட் பாக்ஸ்ல உன் கவரைப் பார்த்ததும் ஏதோ கோர்ட் நோட்டீஸ்னு பயந்துட்டேன். படிச்சப்புறம் அது தேவலைன்னு தோணிச்சு.

மொதல்ல ஒண்ணு சொல்லு. உன் கையெழுத்து ஏன் இப்படி இருக்கு? மேட்ச் ஆர்டர் எல்லாம் சுவத்துல நீதானே எழுதுவ, முத்து முத்தா இருக்கும். இது கோழி கிளறின மாதிரி இருக்கு. படுத்துக்கிட்டு எழுதினியா?

லிஸ்ட்டுக்கு வரேன். கரூர்ல நான் நாலாவது படிக்கும்போதே ட்ரம்ப் கார்டு கட்டுல பிரிட்டிஷ் புல்டாக் யார் கையில இருக்குன்னு முகத்தைப் பார்த்தே சொல்லிடுவேன். அதனால எங்கிட்ட சவுண்டு விடாத. மொதல் இடம் ஜானி செயிண்ட். அவரை ஒருத்தன் பிடிச்சுட்டான்னு நினைக்கும்போது பந்து மாதிரி சுருண்டு உட்கார்ந்திருப்பார், பிடிச்சவன் எதைப் பிடிச்சோம்னு தேடிட்டிருப்பான். எழுபது வயசு தாண்டியும் ரிங்ல இறங்கினார். உடம்பை உடைச்சுக்காம ஒருத்தரால அத்தனை வருஷம் இதைச் செய்ய முடிஞ்சதுன்னா, அதுதான்டா வித்தை.

மிட்ஸி முல்லர் வேணும். லண்டன்ல பொம்பளைங்க மல்யுத்தம் பண்ணக் கூடாதுன்னு தடை இருந்த காலத்துல போராடினவங்க. ஏட்ரியன் ஸ்ட்ரீட் வேணும், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி பையன் ஜிகினா சட்டையும் லிப்ஸ்டிக்கும் போட்டுட்டு அந்தக் காலத்துல வந்து நின்னிருக்கார். பிக் டாடியும் வேணும். சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரு நாட்டையே டிவி முன்னாடி உட்கார வெச்ச ஆளை விட்டுட்டு என்ன லிஸ்ட்?

படிவம் கிடைச்சது. அதைப் பத்தி அப்புறம் எழுதறேன்.

வைதேகி

*

அறை 214
29 ஜூன்

வைதேகி அக்கா,

ரெண்டு பக்கம் எழுதியிருக்கிறீங்கள். அதிலை படிவத்துக்கு ஒரே ஒரு வரி. எனக்கு விளங்காதெண்டு நினைச்சீங்களோ?

பிக் டாடி வயித்தாலை முட்டினதை விட வேறை என்ன செய்தவர்? சரி, பத்தாவதாப் போடுங்கோ, சனம் கேக்கும். மிட்ஸி முல்லர் ஓம். ஏட்ரியன் ஸ்ட்ரீட் ஓம். ஜோனி செயின்ற் ரெண்டாவது. டைனமைட்டை முதலாவதிலை இருந்து அசைக்க விடமாட்டன். ஜப்பானிலை அந்தாள் காத்திலை நிண்ட மாதிரி ஒருத்தரும் நிக்கேல்லை. முதுகிலை டிஸ்க் போய் ஆஸ்பத்திரியிலை கிடந்தவர், எழும்பி, பார்ட்னரிலை சாய்ஞ்சுகொண்டு றிங் வரைக்கும் வந்தவர். ஏன்? தன்ரை கையாலை பெல்ட்டைத் தோத்துக் குடுக்க வேணும் எண்டதுக்காக. யார் வெல்லுறது எண்டது முன்னமே பேசின விசயம்தான், ஆனால் விழுறது உண்மையான விழுகை. அது தெரிஞ்ச மனிசன்.

இஞ்சை எல்லாம் வழமைதான். காலமை தண்ணிக்குள்ளை நடை, பின்னேரம் பந்து பிசையிறது. அம்மா கோயிலிலை எல்லாருக்கும், மகன் வேலைசெய்யிற லாகரிலை, சாமான் கிடங்கிலை, ஏணியாலை விழுந்திட்டான் எண்டு சொல்லியிருக்கிறா. மல்யுத்தம் எண்டு சொன்னால் பொம்பிளை தரமாட்டினமாம். ஏணியாலை விழுந்தவனுக்கு மட்டும் தருவினமோ எண்டு கேட்டன், அவ அழுதிட்டா. மதி ஒரு தரம்தான் வந்தவன். கதவடியிலை நிண்டு, காலைப் பாத்துக் கதைச்சுப்போட்டுப் போயிட்டான்.

கையெழுத்துப் பற்றிக் கேட்டீங்கள். கட்டில்தான் காரணம்.

படிவம் இன்னொண்டு வைச்சிருக்கிறன், முதலாவது துலைஞ்சிருந்தால் பாவியுங்கோ. ஜூலை 25 டொக்டரிட்டை ரேர்மின், பாக்க நேரம் தந்திருக்கிறார். அதுக்கு முன்னம் எனக்கு அது வேணும்.

சேயோன்

*

ஆஹென்
8 ஜூலை

சேயோன்,

மூணு தடவை ஆரம்பிச்சு கிழிச்சுப் போட்டேன். இது நாலாவது. இதை எப்படியும் அனுப்பிடுவேன்.

நீ லெஃப்ட் ஹேண்டர். கட்டில் மேல பழியைப் போடாத. நீ வலது கையால எழுதிட்டிருக்க. அந்த எழுத்தைப் பார்த்ததுமே படிவத்தை மூடி வெச்சுட்டேன். ஏன்னு சொல்றேன்.

படிவத்துல 'கையைப் பிடித்தேன், இறுக்கினார்'னு எழுதச் சொல்ற. எந்தக் கை? அப்படி ஒரு கேள்வி அந்தப் படிவத்துலயே கிடையாது. மதி உன்னைப் போட்டதும் நான் முட்டி போட்டு முதல்ல பிடிச்சது உன் இடது கையை. நீ இறுக்கல. உள்ளங்கை ஈரத் துணி மாதிரி கிடந்தது. நான் மறுபடியும் அழுத்தினேன். நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துட்டு வலது கையை நீட்டின. அதைப் பிடிச்சேன். எலும்பு நொறுங்கற மாதிரி இறுக்கின.

நான் அதை ஏத்துக்கிட்டேன். இதுதான் நான் ரெண்டு மாசமா யாருக்கும் சொல்லாதது. அஞ்சு செகண்ட் இருக்கும். கையைத் தூக்கிக் குறுக்கே பிடிச்சா போதும், எல்லாம் நின்னிருக்கும். முடிவுக்கு ரெண்டு நிமிஷம்தான் பாக்கி, ஹால் முழுக்க உன் பேரைக் கத்துது, நீ வேற 'நிறுத்தாத'ன்னு பார்க்கற. நானும் ஆட விட்டுட்டேன். அதுக்கப்புறம் மதி உன்னை இன்னும் ரெண்டு தடவை தூக்கிப் போட்டான். எந்தத் தடவை உன் கழுத்து டிஸ்க் நரம்புல ஏறிச்சுன்னு எந்த ஸ்கேனும் சொல்லாது. ஆனா அந்த ரெண்டு தடவையும் நடக்காம பண்ண அங்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தா, அது நான்.

அதனால அந்த நாலு வரியை என்னால எழுத முடியாது. எழுதினா ரெண்டு கையையும்தான் எழுதுவேன். நான் ரெஃப்ரீ சட்டையைக் கழட்டி ரெண்டு மாசம் ஆச்சு. நீ என்னைத் திட்டு, நியாயம். ஆனா இன்னும் மரத்துப் போன கையோட அக்டோபர்ல ஏறப் போறியா? உண்மையைச் சொல்லு.

வைதேகி

*

அறை 214
15 ஜூலை

வைதேகி,

நீங்கள் ஒண்டும் எழுத வேண்டாம். மதி அந்த மூலையிலைதான் நிண்டவன், நான் இறுக்கினதைத் தான் கண்டதெண்டு அவன் கையெழுத்து வைப்பான். கேட்டால் மாட்டனெண்டு சொல்லமாட்டான், அவனுக்கு அவ்வளவு குற்ற உணர்ச்சி கிடக்கு.

உங்கடை மனச்சாட்சியைக் கழுவ என்ரை எட்டு வருசமோ கிடைச்சது? நீங்கள் படிச்சு முடிச்சு, டொக்டர் பட்டத்தோடை ஒரு கொம்பனிக்குப் போயிருவீங்கள். நான் எல்லாத் திங்கட்கிழமையும் லாகரிலை ஃபோர்க்லிஃப்ட்தான் ஓட்டவேணும். எனக்கு ஒக்டோபரிலை ஒரு சனிக்கிழமைதான் இருந்தது.

பட்டியலையும் நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ.

சே.

*

ஆஹென்
2 ஆகஸ்ட்

சேயோன்,

பதினெட்டு நாளா நீ எழுதுவன்னு பார்த்தேன். எழுத மாட்டன்னு தெரிஞ்சு போச்சு. நீ திட்டினதுல பாதி உண்மை. எனக்கு வேற வாழ்க்கை இருக்கு, உனக்கு அந்தச் சனிக்கிழமைதான் இருந்தது. அதை யோசிச்சு ஒரு வாரம் ஒரு வரிகூட எழுதாம வெச்சிருந்தேன்.

ஆனாலும் அறிக்கையை எழுதிட்டேன். அல்பேர்ட்டுக்கு இங்கிலீஷ்ல போகுது. அவருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உனக்கு அனுப்பறேன், உன் முதுகுக்குப் பின்னாடி செஞ்சேன்னு ஆகக் கூடாது. தமிழ்ல இதுதான்:

'பதினோராவது நிமிடத்தில் சேயோனின் இடது கையைப் பிடித்தேன். அவர் இறுக்கவில்லை. ஆட்டத்தை உடனே நிறுத்துவது என் வேலை. நிறுத்தவில்லை. வலது கையை இறுக்கியதை வைத்து ஆட்டத்தைத் தொடர விட்டேன். தவறு நடுவருடையது. மதிசுதன் சொல்லிக்கொடுத்தபடியே எறிந்தார், அவர்மேல் குற்றம் இல்லை. இடது கையில் உணர்வும் பலமும் முழுதாகத் திரும்பியதை மருத்துவர் எழுதித் தரும்வரை சேயோனை ஏற்ற வேண்டாம்.'

வெள்ளிக்கிழமை போஸ்ட் பண்றேன். மதியை மட்டும் பொய் கையெழுத்து போட வைக்காத. அவன் ஏற்கெனவே நொந்து போயிருக்கான். உன் கழுத்தைத் தான்தான் ஒடிச்சோம்னு நினைச்சு ட்ரெயினிங்குக்கே வர்றதில்லையாம்.

லிஸ்ட்டை முடிச்சு இதோட வெச்சிருக்கேன். டைனமைட் கிட்டையே மொதல்ல போட்டுட்டேன். நீ சொன்னது சரி, காத்துல அப்படி யாரும் நின்னதில்ல. அவரைப் பத்தின பத்தியில ஜப்பானும் இருக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்ததும் இருக்கு. நாப்பது வயசு தாண்டறதுக்குள்ள சக்கர நாற்காலிக்குப் போனதும் இருக்கு. அந்த வரியை டொச்சுல மாத்தும்போது விட்டுடாத. மாத்த மாட்டேன்னா சொல்லு, வேற ஆளைப் பிடிக்கறேன்.

வைதேகி

*

ஹம்
20 ஆகஸ்ட் 2025

வைதேகி அக்கா,

ஹம்முக்கு, வீட்டுக்கு வந்திட்டன். ஜூலை 25 டொக்டர் கடிதம் தராமல் தள்ளிப்போட்டவர். அல்பேர்ட் உங்கடை அறிக்கையை வாசிச்சுப்போட்டு என்னைக் கூப்பிட்டவர். மேசையிலை உங்கடை தாள், அதுக்குப் பக்கத்திலை ஒரு பேனை. "இடக்கையாலை உன்ரை பேரை எழுது" எண்டார். பேனை விழுந்திட்டுது. திரும்ப எடுத்தன், திரும்ப விழுந்தது. மனிசன் பேனையை எடுத்துப் பொக்கற்றிலை வைச்சார். விகன்காரரோடை எனக்குப் பதிலா மதி மோதப்போறான். இங்கிலாந்து எனக்கு இல்லை.

அண்டைக்கு உங்களைப் பேசாத பேச்சில்லை. சுவருக்குத்தான் பேசினனான். அம்மா பயந்திட்டா.

முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்க ஏலாது எண்டுவினம். நான் ரெண்டு பூசணிக்காய் மறைச்சனான். ஒண்டை நீங்கள் கண்டிட்டீங்கள். மற்றதை நான் சொல்லுறன். மே 10க்கு ரெண்டு கிழமைக்கு முன்னமே என்ரை இடக்கை விறைக்கத் துவங்கிட்டுது. லாகரிலை ஸ்கானர் கையிலை நிக்கேல்லை. காலமை எழும்பினால் சுண்டுவிரல் ஆற்றையோ விரல் மாதிரி. டொக்டரிட்டைப் போனால் மட்ச் போயிடும் எண்டு போகேல்லை. றிங்குக்குள்ளை ஏறேக்கையே தெரியும். நீங்கள் அந்தக் கையைப் பிடிக்காமல் இருக்கவேணும் எண்டுதான் நான் முழு மட்சும் பயந்துகொண்டிருந்தது. உங்கடை நம்பரை புளொக் பண்ணினதும் அந்தக் கையைப் பற்றிக் கேப்பீங்கள் எண்டுதான். மதி எறிஞ்சதுக்கு முன்னமே கழுத்து பழுது, அக்கா. அறிக்கையிலை 'தவறு நடுவருடையது' எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதை வாசிச்சாப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.

மதியிட்டைக் கையெழுத்துக் கேக்கேல்லை, போய் எல்லாம் சொன்னன். கன்னத்தைப் பொத்தி ஒண்டு விட்டான். விட்ட உடனை, "ஐயோ கழுத்து, கழுத்து" எண்டு அவனே என்ரை தலையைப் பிடிச்சான். பிறகு ரெண்டு பேரும் அவன்ரை காருக்குள்ளை இருந்து அழுதனாங்கள். மூண்டு மாசமா ஒரு நாளும் வடிவாச் சாப்பிடேல்லையாம் விசரன். அடுத்த நாள் அல்பேர்ட்டுக்கும் எழுதிக் குடுத்திட்டன், என்ரை பேரிலை, ரெண்டு கிழமைக் கதையையும் சேர்த்து.

உங்களிலை கோவம் இன்னும் இருக்கு. பொய் சொல்லக்கூடாது. நீங்கள் செய்தது சரி, அதுக்குத்தான் கோவம்.

கைநூலை டொச்சிலை மாத்திக் குடுத்திட்டன். அந்த வரியை விடேல்லை.

ஒரு பகிடி. ஒக்டோபர் 18க்கு றெஃபரி இல்லையாம், என்னை நிக்கட்டாம் அல்பேர்ட். நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்.

சேயோன்

*

ஆஹென்
1 செப்டம்பர்

டேய்,

ரெண்டு வாரம் முன்னாடியேன்னு படிச்சதும் லெட்டரைக் கசக்கித் தூக்கி எறிஞ்சேன். அப்புறம் எடுத்து நீவி மறுபடி படிச்சேன். படுபாவி. நீ அங்க செத்திருந்தா? உங்கம்மாகிட்ட நான்தானே வந்து நின்னிருக்கணும், ஏணிக் கதையைச் சொல்லிட்டு.

சரி, சொன்னதுக்கு தேங்க்ஸ். நிஜமாவே. நெஞ்சுல இருந்த கல்லு பாதி இறங்கிச்சு. மீதிப் பாதி என்னோடது, அது இருக்கட்டும். அஞ்சு செகண்ட் நான் சும்மா நின்னது நின்னதுதான்.

ரெஃப்ரீயா நிக்க மாட்டேன்னியாமே. ஏன், கௌரவக் குறைச்சலா? பார்சல்ல என் கோடு போட்ட ரெஃப்ரீ சட்டையை அனுப்பியிருக்கேன். உனக்குத் தோள்பட்டை இறுக்கும், தையலைப் பிரிச்சுக்கோ. பாக்கெட்டுல இங்க் கறை இருக்கு, போகல. அக்டோபர் பதினெட்டு அன்னிக்கு நான் ஒரு கான்ஃபரன்ஸ்ல டார்ம்ஸ்டாட்ல இருப்பேன், வர முடியாது. கைநூல் ஒண்ணு எடுத்து வை.

வைதேகி

*

ஹம்
20 ஒக்டோபர் 2025

வைதேகி அக்கா,

கைநூல் உள்ளுக்கை இருக்கு. எங்கடை பேர் கடைசிப் பக்கத்திலை, ரொய்லற் எங்கை எண்டு போட்டிருக்கிற இடத்துக்குக் கீழை. சனம் வாசிச்சது. பிக் டாடியைப் பத்தாவதாப் போட்டதுக்கு ஒரு கிழவர் டோர்ட்முண்டிலை இருந்து வந்து என்னோடை சண்டை பிடிச்சவர்.

உங்கடை சட்டையைப் போட்டு றெஃபரியா நிண்டனான். தையல் பிரிக்கேல்லை, மெலிஞ்சிட்டன்.

முந்நூறு பேர். விகன்காரர் நல்ல மனிசன், பிடியெல்லாம் பழைய காலத்துப் பிடி, ஜோனி செயின்றைப் பாத்த மாதிரி இருந்தது. மதி அவருக்குச் சரிக்குச் சரி நிண்டான், சும்மா சொல்லக்கூடாது. பதினாலாவது நிமிசம் அவர் எறிய, மதி தோள் அடிபட விழுந்தான். சத்தம் பிழை. நான் முழங்காலிலை இருந்து, என்ரை வலக்கையாலை அவன்ரை ரெண்டு கையையும் மாறி மாறிப் பிடிச்சன். ரெண்டையும், அக்கா. வலக்கை இறுக்கினது. இடக்கை இறுக்கேல்லை.

மதி கண்ணை முழிச்சு என்னைப் பாத்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், என்ரை பார்வைதான் அது. "போடா, ஒண்டுமில்லை, விடு" எண்டான். முடிவுக்கு இன்னும் ஒரு நிமிசம்தான் கிடந்தது. இங்கிலாந்தும் அதுக்குள்ளைதான் கிடந்தது. சனம் அவன்ரை பேரைக் கத்துது. என்ரை கை எழும்பேல்லை. சத்தியமா எழும்பேல்லை. மனதுக்குள்ளை, வலக்கை இறுக்கினதுதானே எண்டு ஒண்டு சொல்லுது.

பிறகு கையைத் தூக்கினன். தலைக்கு மேலை குறுக்கா.

முழு ஹோலும் ஊளையிட்டது. ஆரோ பியர்க் கப் எறிஞ்சான், உங்கடை சட்டையிலை பட்டிட்டுது, அந்தக் கறையும் போகாது. டொக்டர் ஓடி வந்து பாத்தார். தோள் மூட்டு அடிபட்டுக் கை விறைச்சதாம், பத்து நிமிசத்திலை எல்லாம் சரி. ஒண்டுமே இல்லை. விகன்காரர் என்ரை கையைக் குலுக்கினார், ஆனால் மதியை இங்கிலாந்துக்கு எடுக்கிறதைப் பற்றி ஒண்டும் சொல்லாமல் போயிட்டார். மதி என்னோடை கதைக்கிறேல்லை. நம்பரையும் புளொக் பண்ணிப்போட்டான். எனக்கு உங்களோடை அஞ்சு மாசத்துக்கு மேலை எடுத்தது, அவனுக்கு எவ்வளவு எடுக்குமோ தெரியாது. கடிதம் போடப்போறன்.

அஞ்சு செக்கன் எண்டு நீங்கள் எழுதினதை வாசிச்சு, அஞ்சு செக்கன் என்ன பெரிய காலமோ எண்டு நினைச்சனான். அது எவ்வளவு நீளம் எண்டு எனக்கு அப்ப தெரியாது, அக்கா. அண்டைக்கு நான் கீழை கிடந்தனான், நிண்டது நீங்கள்.

உங்கடை நம்பரைத் திறந்துவிட்டிட்டன். கீழை என்ரை பேரை மட்டும் இடக்கையாலை எழுதியிருக்கிறன், பத்து நிமிசம் எடுத்தது. வாசிக்க ஏலுதோ எண்டு ஃபோன் எடுத்துச் சொல்லுங்கோ.

சேயோன்